கழிவு போக நூற்று இருபத்தொன்று

என் தகப்பனார் தேசப்பன் எண்ணூர் உப்பளத்துக் கிடங்கில் இருபத்தேழு வருஷம் எடைக்காரராக இருந்தார். மனிதர்கள் சொல்வதில் பாதியைத்தான் நம்புவார். தராசு முள் சொல்வதை முழுக்க நம்புவார். என் அம்மா குப்பம்மா, "இந்த ஆளுக்குப் பசிக்குதான்னு கூட அந்த முள்ளுதான் சொல்லணும்" என்பாள்.

உப்பு மழைக்காலத்தில் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். நூறு ராத்தல் என்று தராசில் நிற்பதில் நாலோ ஏழோ வெறும் தண்ணீர். அதைத் தள்ளிவிட்டு எடை சொல்வதற்கு ஈரக் கழிவு என்று பெயர். எவ்வளவு தள்ளுவது என்று வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் வாய்ச்சண்டை மூளும். என் தகப்பனார் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பிசைவார், வானத்தை ஒருதரம் பார்ப்பார், "நூத்துக்கு நாலு" என்பார். சண்டை அதோடு முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டானிஸ்லாஸ் சோதித்துப் பார்த்து, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று என்றார். ரேடியம் அடைத்த ஊசிகளை அந்த இடத்தில் சில நாள் செருகி வைத்து எடுத்தார்கள். அவர் ஊர் திரும்பிய அன்று கிடங்கு மூட்டைக்காரர் வரதன் எங்கள் வீட்டுக்கு வந்து, விளக்கைச் சின்னதாக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்குடா விளக்கக் கொறைக்கிற?"

"உப்பு ஆபீசரு கடியாரத்துல ரேடியம் கீது, அண்ணாத்தே. இருட்டுல முள்ளு மின்னுது. அதான் நீயும் மின்னுறியான்னு பாத்துகினு போலாம்னு."

"மின்னுனா நாளைக்கு லைட் அவுசுக்கு வேலைக்கிப் போறேன். எழுந்து போடா, கஸ்மாலம்!"

டாக்டர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று எண்ண வேண்டும். இடுப்பு எலும்பில் வலி வந்தால் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் எடை பார்த்துத் தபால் கார்டு போட வேண்டும். "எடைதான் முக்கியம். மாதத்துக்கு மூன்று ராத்தல் குறைந்தால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். ஏமாற்றாமல் சுத்தமான எடையை எழுதுங்கள்" என்றார். ஒரு எடைக்காரரிடம் போய் ஏமாற்றாதே என்று சொன்னது என் தகப்பனார் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது.

எழுந்திருக்கும் கணக்கை அம்மா எடுத்துக்கொண்டாள். அவர் எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்கச்சியில் போடுவாள். காலையில் அவர் மூன்று என்பார், கொட்டாங்கச்சி ஐந்து என்னும்.

"ரெண்டு தபா சும்மா எழுந்து கொசு அடிச்சேன்."

"கொசு அடிக்கப் பின்னாடி வேலிக்கா போவே?"

எடை சனிக்கிழமைகளில் கிடங்கில் நடந்தது. உப்பு மூட்டை தொங்கும் தட்டில் அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வார். வரதன் எதிர்த் தட்டில் கல் போடுவார். முள்ளைப் படிக்கும் உரிமையை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை. தொங்கியபடியே கழுத்தை நீட்டி அவரே படிப்பார். இறங்கியதும் சிறிது நேரம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு என்னிடம் ஒரு எண் சொல்வார். அவருக்கு இலக்கம் தெரியும், எழுத்து வராது. நான் பி.ஏ. முடித்துத் திருவொற்றியூரில் வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தேன். சொன்னதைச் சொன்னபடி அழகான கையெழுத்தில் கார்டில் எழுதினேன். என்ன முணுமுணுத்தார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

புரட்டாசியில் நூற்று இருபத்தெட்டு ராத்தல். ஐப்பசியில் மழை பிடித்தது. நூற்று இருபத்து நாலு. கார்த்திகை பிறந்ததும் நூற்று இருபத்தொன்று.

ஆனால் கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை குறைந்துகொண்டே வந்தது. ஏழு விழுந்த இடத்தில் இரண்டு விழுந்தது. இடுப்பில் வலி இல்லை. அம்மா பயந்துபோய்க் காலையில் முட்டை, மத்தியானம் இறால், ராத்திரி கானாங்கெளுத்தி என்று போட்டாள். அவர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, சாகப்போகிற மனிதன் முகத்தோடு ஏப்பம் விடுவார். ஒரு நாள் அரைஞாண் கயிறு இறுக்குகிறதென்று அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார்.

"இன்னாய்யா, எளைக்கிறவனுக்குக் கயிறு எறுக்குமா?" என்றாள் அம்மா.

"மழைக்குக் கயிறு சுருங்கிப்போச்சு. தராசு பொய் சொல்லாது, குப்பு."

டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. எடை இப்படி இறங்குவது நல்லதற்கு அல்ல, திங்கட்கிழமை வந்து படுக்கையில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். அம்மா அடுப்பங்கரைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. என் தகப்பனார் வரதனைக் கூப்பிட்டு, எடைக்கல்லை எல்லாம் துடைத்து அவர் பொறுப்பில் விட்டார். "இனிமே முள்ளப் படிக்கிறது நீதான். அவசரப்பட்டுப் படிக்காத. அது ஆடி முடிக்கட்டும்." மூட்டை தூக்கியே பழகிய அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதது. "அண்ணாத்தே, நீ மின்னுனாக் கூடப் பரவாயில்ல, இருந்துட்டுப் போயேன்" என்றார்.

திங்கட்கிழமை மூவரும் ரயிலேறினோம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன் நிறுத்துப் பார்த்தார்கள். சிப்பந்தி, "நூத்தி முப்பத்திரண்டு" என்றான்.

டாக்டர் கார்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தராசைத் தட்டினார். சிப்பந்தியையே ஏறச் சொன்னார், சரியாகத்தான் காட்டியது. மறுபடி இவரை ஏற்றினார். நூற்று முப்பத்திரண்டு.

"தேசப்பன், சனிக்கிழமை கார்டில் நூற்று இருபத்தொன்று. ரெண்டு நாளில் பதினோரு ராத்தல் எப்படி ஏறும்?"

என் தகப்பனார் தராசிலிருந்து இறங்காமலே கணக்குப் போட்டார். "எங்க ஏறிச்சு, சாமி? நூத்தி முப்பத்திரண்டு. துணிக்கு ரெண்டு தள்ளு, நூத்தி முப்பது. கார்த்திகை ஈரத்துக்கு நூத்துக்கு ஏழு, ஒம்பது ராத்தல் தள்ளு. நூத்தி இருவத்தொண்ணு. உங்க தராசும் சரியாத்தான் கீது."

"ஈரமா? எந்த ஈரம்?"

"கழிவு, சாமி. ஐப்பசிக்கு நாலு, கார்த்திகைக்கு ஏழு." அவர் குரல் மெல்லத் தாழ்ந்தது. "இன்னா டாக்டரு, நீங்க கழிவு தள்றதில்லியா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அம்மா அதை அழுகை என்று நினைத்து ஓவென்று ஆரம்பித்தாள். அவளுக்கு விளங்க வைக்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பிடித்தாள்.

"ஏன்யா, நீ இன்னா உப்பு மூட்டையா? ரெண்டு மாசமா எறாலும் முட்டையுமாத் தின்னுட்டு என்னைப் பேஜாரு பண்ணிட்டியே!"

"சுத்தமான எடைன்னு அவருதானே கேட்டாரு? ஒடம்பு மட்டும் மழையில தண்ணி குடிக்காதா?" என்றார் அவர். டாக்டர் சோதித்துப் பார்த்து, கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் பட்டதாரியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகும் கழிவை அவர் விடவில்லை. ஒவ்வொரு கார்டிலும் இரண்டு எண் எழுதச் சொன்னார்: ஒன்று டாக்டருக்கு, மற்றது உண்மைக்கு. மூன்று வருஷத்துக்கு மேல் வாராவாரம் போட்டோம். நோய் திரும்பவில்லை.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். முந்தின நாள் எழுதிய கார்டைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்றைக்கும் மேசைமேல் இருக்கிறது. அதில் ஒரே ஒரு எண்தான். இரண்டாவது எண்ணுக்கு நான் காத்திருந்தபோது அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "மாசி வெயிலுடா. கழிவே கெடையாது" என்றார்.

நூற்று முப்பத்து நாலு ராத்தல்.