மீதம் வைத்த ஆறு மாத்திரைகள்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் அரிசியாவது எப்போதாவது கண்ணில் படும், மாத்திரை படாது. அக்காவின் கடைவாய்ப்பல் ஈறுக்குள் படுத்துக் கிடந்தது. சீனப் பல் வைத்தியர் ஈற்றைக் கிழித்து, எலும்பைச் செதுக்கி அதை எடுத்தார். பிறகு தன்னிடம் மிஞ்சியிருந்த, சீழ் பிடிக்காமல் தடுக்கும் சல்பா மாத்திரைகளில் பன்னிரண்டை என்னிடம் கொடுத்தார்.

"வலி போனாலும் நிறுத்தாதே. பன்னிரண்டையும் கொடுத்து முடி. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் வாய் கொப்புளிக்கட்டும்" என்று மலாய் மொழியில் சொன்னார்.

அத்தானைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் மட்டுமே.

இரண்டாம் நாளே வலி குறைந்து, மரவள்ளிக் கஞ்சி குடித்தாள். ஆறு மாத்திரை மீதம். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. முந்தின மாதம்தான் பக்கத்து வீட்டுக் குழந்தை நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் மருந்தில்லாமல் இறந்துபோயிருந்தது.

"மாத்திரை தீந்துபோச்சுக்கா" என்றேன். ஆறையும் துணியில் முடிந்து மிளகு டின்னுக்குள் ஒளித்தேன்.

நான்காம் நாள் தாடைக்குக் கீழே கல் மாதிரி வீங்கியது. வாய் திறக்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"கொடுத்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாப்பிட்டாங்க டாக்டர்."

"அப்புறமும் இப்படின்னா கஷ்டம்தான். கழுத்துல கீறிச் சீழை எடுக்கிறேன். ஆனா கொடுக்க மருந்து இல்ல லா."

"நான் தேடிக் கொண்டாந்தா?"

"கொண்டாங்க, பார்ப்போம்."

வீட்டுக்கு ஓடி, மிளகு டின்னிலிருந்த ஆறையும் எடுத்து வந்தேன். உடனே கொண்டுபோய்க் கொடுத்தால் டாக்டர் சந்தேகப்படுவாரோ என்று ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் சற்று நேரம் நின்றேன். உள்ளே அக்கா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அப்போதும் என் மானத்தைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன்.

டாக்டர் சீழை எடுத்தபின், நான் கொடுத்த ஆறையும் கரைத்துப் புகட்டினார்கள். அக்கா பிழைத்தாள். கழுத்தில் தழும்பு நின்றது. அதன் பின் அவள் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி எங்கெங்கயோ அலைஞ்சு மருந்து கொண்டாந்தா. இல்லாட்டி நான் ஏது?" என்பாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை வளர்ந்த என் மகனிடமும் அதைச் சொன்னாள். அவன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குனிந்து அவன் தட்டில் சோறு வைத்தேன். அக்கா போய்ச் சேரும்வரை அவளிடம் சொல்லவேயில்லை.