நான் கட்டிய பெஞ்ச்சும் நாயுடுவின் ஷாஃப்டும்

பதினோரு வருஷம் கம்பெனியில் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு ஒர்க் பெஞ்ச் கட்டத் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டோடு ஜட்கா வண்டி நிறுத்தும் ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் சொந்தப் பட்டறை போட்டு, போர்மன் முகத்தில் விழிக்காமல் பிழைக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

பெஞ்ச்சுக்கு மட்டும் இரண்டு மாதம் பிளான் போட்டேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய் என் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அரம் போடும்போது ஆடக் கூடாது. கால்களுக்குப் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைத்துவிட்டது. மேல் பலகைதான் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் பழைய மரம் விற்கும் காதர் பாயிடம் தடித்த பலகைகள் மலிவாகக் கிடைத்தன.

"பூச்சி அரிக்குமா பாய்?"

"இத்தயா? பூச்சி கிட்டவே வராது நைனா!"

இழைத்து, போல்ட் போட்டு முடுக்கினேன். பாறை மாதிரி நின்றது. பாத்திரம் பண்டத்தைக் கொண்டுவந்து அடைத்துவிடுவாள் என்று என் மனைவி பிலோமினாவை ஷெட்டுக்குள் விடவே இல்லை. காலையில் பலகை ஈரமாக இருக்கும். ஓடு ஒழுகுகிறது என்று கூரை ஏறி ஓடு மாற்றினேன். மழையே இல்லாத மாதத்தில்! என் புத்தியை எதால் அடிப்பது?

லாரி வைத்திருந்த நாயுடு வாட்டர் பம்பில் சுழலும் ஷாஃப்ட் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒயுங்கா செஞ்சு குடு மேஸ்திரி. மூணு லாரியும் இனிமே உன் ஷெட்டுக்குத்தான்" என்றார். அதைத் தாங்கும் புஷ் வளையம் செய்து, ஷாஃப்டைப் பளபளவென்று முடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்ச்சில் வைத்தேன். கம்பெனி பெஞ்ச்சில் அப்படித்தான் வைப்போம். ஒன்றும் ஆகாது.

ஞாயிறு காலையில் ஷாஃப்ட் முழுக்கத் துரு. எமரி பேப்பரால் தேய்த்தேன். துரு போனது, அளவும் போனது. புஷ்ஷுக்குள் லொடலொடவென்று ஆடியது. நான் போட்ட கத்தலில் பிலோமினா ஓடி வந்தாள். அவள் அம்மா வீட்டில் கருவாட்டு வியாபாரம். பலகையை ஒருமுறை தடவினாள்.

"இன்னாய்யா இது, மீனுக்கு உப்பு போட்ற பலகையாச்சே! எங்க வூட்ல கீதே, அதே மாதிரி. காத்துல கீற தண்ணியெல்லாம் இது குடிக்கும்."

எங்கள் தெருவே கருவாட்டு வாடை. அதில் ஒரு பலகையின் வாடையை நான் எங்கே பிரித்துப் பார்ப்பது?

பாயிடம் போய் எகிறினேன். அவர் அசரவில்லை. "பூச்சி வருமான்னு கேட்ட, வராதுன்னேன். வந்துச்சா? உப்பு கீதான்னு கேட்டியா நைனா?"

நாயுடு ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் ரெண்டு மாசம் பெஞ்ச் கட்டுனியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று லாரியும் போயின. போர்மன் முகத்தில் இன்னும் ஒன்பது வருஷம் விழித்தேன்.

பட்டறை போடப் போகும் பிள்ளைகளே, வைஸின் உயரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். பழைய பலகை வாங்கும்போது மட்டும் வெட்கப்படாமல் ஓரத்தை நக்கிப் பாருங்கள். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனால் அதுவும் வேண்டியதில்லை.