இரண்டரைக் கிலோ குறைவு

தீயணைப்பான்களுக்குப் பொடி நிரப்பித் தரும் பட்டறையில் அவளுக்கு எடை பார்க்கும் வேலை. பொடி நிரப்பி வரும் சிவப்பு உருளையைத் தராசில் ஏற்றிப் பார்த்து, 'எடை சரி' என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டுவாள். பதினோரு வருடமாக இதே வேலை. சொந்தப் பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் 'தராசு' ஆகிவிட்டாள். காய்கறி வாங்கப் போனாலும் கை சும்மா இருக்காது. பையைத் தூக்கிப் பார்த்து, "ஐம்பது கிராம் குறையுதே" என்பாள். கடைக்காரர், "அக்கா வந்தாலே என் தராசுக்குக் காய்ச்சல் வந்துடுது" என்று முணுமுணுத்தபடி இன்னொரு தக்காளியைப் போடுவார்.

அதே பட்டறையில் வேனை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய், அங்கேயே பொடி மாற்றித் தருபவர் ஒருவர் இருந்தார். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வதால் அவருக்கு 'விசில்' என்று பெயர். தராசு அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அது வெறும் மரியாதைக்காக அல்ல. பெயின்டராக இருந்த அவள் கணவர் ஆறு வருடம் முன்பு சாரம் சரிந்து விழுந்தபோது, அந்த வேனில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார் விசில். ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு நாள் கிடந்தார். ரத்தமும் கொடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து கைப்பிடி உடைந்த உருளை ஒன்று பட்டறைக்கு வந்தது. தூக்கியவுடனேயே அவள் கை சொல்லிவிட்டது. தராசில் வைத்தாள். இரண்டரைக் கிலோ குறைவு. காற்றழுத்த முள் மட்டும் பச்சையில் கம்பீரமாக நின்றது. காற்றை இறக்கிவிட்டுத் திறந்து பார்த்தாள். பாதிதான் பொடி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே அவள் கையெழுத்து.

"ஒவ்வொண்ணுக்கும் உன்னைத் தேடி வர முடியுமாம்மா? ஒரு கட்டு மொத்தமா போட்டுக் குடுத்துடு" என்று விசில் கேட்டதும், வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. நான்கு வருடமாகக் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறாள்.

அன்று பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றாமலேயே அரிசியை அடுப்பில் ஏற்றினாள். கருகிய வாடை வந்ததும், பழுதுபார்த்துக்கொண்டிருந்த மிக்ஸியைத் தள்ளி வைத்துவிட்டுக் கணவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

சொன்னாள். அவர் கருகிய பாத்திரத்தை இறக்கி வைத்தார். பிறகு, "அந்த மனுஷன் இல்லேன்னா நான் இன்னைக்கு இங்க உக்காந்து மிக்ஸி கழட்டிட்டு இருப்பேனா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே" என்றார்.

"அந்த இல்லத்துல மூணாவது மாடில எழுந்திரிக்கவே முடியாதவங்க இருபது பேர் இருக்காங்களாம்ங்க."

"தீப்பிடிக்கும்னு ஏன் நினைக்கிற?"

அந்தக் கேள்விதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பிடிக்காமலே போகலாம். பத்து வருடம் ஒன்றுமே ஆகாமல் போகலாம். துவைத்த துணியையே மறுபடி வாளியில் போட்டு அலசினாள்.

மறுநாள் வேன் நிற்கும் இடத்துக்கே போனாள்.

"அண்ணே, மிச்சப் பொடி எங்க போகுது?"

சீட்டி நின்றது. விசில் சுற்றுமுற்றும் பார்த்தார். "வெளியில ஒரு கடைக்குக் குடுக்கறேன். இதெல்லாம் சொவத்துல தொங்கற சாமான்மா. என் சர்வீஸ்ல எவனாவது எடுத்து அடிச்சு நான் பாத்ததே இல்ல."

"அடிக்கற அன்னைக்கு?"

"சரி, விடு. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். போதுமா?" என்றவர், வேன் கதவைச் சாத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சீட்டுல யார் கையெழுத்து இருக்குன்னு நீயும் கொஞ்சம் யோசிச்சுக்கோ தங்கச்சி."

வியாழனும் வெள்ளியும் அவளுக்கு நெருப்பின் மேல் நின்றதுபோல் கழிந்தன. வேன் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த உருளையை எடை பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று குழம்பும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவாள். சனிக்கிழமை சாயங்காலம் விசில், "ஆச்சு" என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். நம்பிவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். பட்டறையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் நர்ஸ் மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார். ஆறு உருளைகள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். ஐந்தில் பொடி குறைவு. மாறியிருந்தது சீட்டு மட்டும்தான். சனிக்கிழமைத் தேதி போட்ட புதுச் சீட்டு, மறுபடியும் அவள் கையெழுத்தோடு.

படுக்கையிலிருந்த பெரியவர் ஒருவர் தலையை மட்டும் திருப்பி, "எல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றாள். அவளையறியாமல் வாய் சொல்லிவிட்டது. நர்ஸ் திடுக்கிட்டுப் பார்த்தார். இனி திரும்பிப் போக வழியில்லை என்று தோன்றியதும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அங்கிருந்து நேராகத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போனாள். உருளையிலிருந்து அவள் உரித்துக் கொண்டுவந்த சீட்டை அதிகாரி வாங்கிப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"அப்போ நீங்களும்தான் மாட்டுவீங்க. தெரியுதா?"

"தெரியும் சார். வெத்துச் சீட்டுல போட்டுக் குடுத்தேன். அதையும் சேத்து எழுதிக்கோங்க."

விசிலுக்கு எட்டு மாதம் சிறை. பொடி வாங்கிய கடைக்காரரும் மாட்டினார். சோதனை போட்டதில் பள்ளிக்கூடம், தியேட்டர், இரண்டு ஆஸ்பத்திரி என்று அறுபத்தொரு உருளைகள் பாதிப் பொடியோடு அகப்பட்டன. அவளுக்கு அபராதத்தோடு போயிற்று, வேலையும் போயிற்று. முதலாளி கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்ககூட வேலை செய்ய மாட்டோம்னு மத்தவங்க சொல்றாங்கம்மா" என்றார். இப்போது ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டுகிறாள்.

கணவர் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், "நான் ஜெயிலுக்குப் போய் அவரைப் பாத்துட்டு வரேன்" என்றார். "போய்ட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஊன்றுகோலோடு கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வரும்வரை அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

"என்ன சொன்னார்?" என்று போன மாதம்தான் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. முட்டி வலிக்குதாம். தைலம் கேட்டார்."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மருந்துக்கடையில் ஏறி முட்டிவலித் தைலம் ஒரு பாட்டில் வாங்கினாள். யார் வாங்கியது என்று விசிலிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கணவரிடம் கேட்டுக்கொண்டாள்.