மூன்று ஃப்ரீ சர்வீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. தெருவில் போனவர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். ஒன்று என் மகன் சரவணனுடைய பழைய கார். இன்னொன்று, அன்று காலைதான் ஷோரூமிலிருந்து எடுத்து வந்த சின்ன வெள்ளைக் கார். மருமகள் கவிதாவுக்கு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் தருமபுரியில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து மூன்று வருஷமாகிறது. மகன் குடும்பம் ஓசூரில். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனால் வருவது என்னவோ... தீபாவளி, பொங்கல், அப்புறம் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம்.

சரவணன் காலை ஆறு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிடுவான். அதன்பிறகு கவிதா நாலு வயது நிலாவை ஸ்கூலில் விட்டு, கைக்குழந்தையை கிரஷ்ஷில் விட்டு, ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஸ்கூட்டரில். மழை வந்தால்? அதனால் இரண்டாவதாக ஒரு கார் — சின்னதாக, சிக்கனமாக, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணில் இடிக்காமல் நுழைகிற மாதிரி.

போனில் அவன் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எங்க வாங்கறீங்க?"

"ஓசூர்லதாம்மா. வேற எங்க?"

"இங்க வாங்குடா. உன் ஆதார்ல இன்னும் நம்ம வூட்டு அட்ரஸ்தான இருக்குது? ஷோரூம்ல தெரிஞ்சவங்க இருக்காங்க. வாங்கின இடத்துலதான் வண்டிய நல்லா பாப்பாங்க."

தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஷோரூம் எந்தப் பக்கம் என்றே ஆட்டோக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன... என் திட்டம் வேறு. புது வண்டிக்கு மூன்று ஃப்ரீ சர்வீஸ் உண்டு. அதை வாங்கிய ஷோரூமில்தான் செய்ய வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் மூன்று தடவை தருமபுரிக்கு வந்தே ஆக வேண்டும். காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும். அதுவரை எங்கே இருப்பார்கள்? என் வீட்டில்தானே?

பண்டிகை இல்லாமல், கல்யாணம் இல்லாமல், சும்மா மூன்று நாள்.

உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன். யூடியூபில் கார் பற்றிப் பேசுகிற ஒருவரையும் விடாமல் பார்த்தேன். சி.என்.ஜி. எடுத்தால் செலவு குறையும் என்றான் சரவணன். நான் ஒரே பிடியாக வேண்டாம் என்றேன். "டிக்கியில பாதிய சிலிண்டர் அடச்சிக்கும். நான் குடுத்தனுப்பற சாமான எங்க வெப்ப?"

சித்தேரிச் சாமை, புளி, சீசனில் ஒரு பெட்டி மாம்பழம்... என் வீட்டிலிருந்து ஒரு வண்டியும் காலியாகப் போனதில்லை.

"ஏம்மா, நீ எங்களுக்கு காரு பாக்கறியா, மூட்டைக்கு காரு பாக்கறியா?" என்று சிரித்தான்.

மூட்டைக்குத்தான். மூட்டை வைக்க இடம் இருந்தால்தானே அதை வாங்கிப் போக ஆள் வரும்? பெட்ரோல் வண்டி என்று முடிவானது.

போன மாதம் டெஸ்ட் டிரைவ். பென்னாகரம் ரோட்டில் கவிதா ஓட்டினாள். பக்கத்து சீட்டில் ஷோரூம் பெண், மொரப்பூர்க்காரி, சுறுசுறுப்பானவள். பின்னால் சரவணன், நிலா, மடியில் குழந்தையோடு நான். இடம் நெருக்கடிதான். நிலாவின் முழங்கால் என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய காராக இருந்தால் இடிக்குமா?

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்தேன். எல்லோர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "ஏம்மா, ஃப்ரீ சர்வீஸ் மூணும் இங்கதான வந்து பண்ணணும்?"

"அப்படியெல்லாம் இல்லைங்க மேடம். நம்ம கம்பெனி சர்வீஸ் சென்டர் எந்த ஊர்ல இருந்தாலும் பண்ணிக்கலாங்க. ஓசூர்லயே ரெண்டு இருக்குதுங்க."

"அப்ப அலைச்சல் மிச்சம்" என்றான் சரவணன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அறுபத்திரண்டு வயதில் ஒரு சர்வீஸ் விஷயத்துக்கா அழுவது? கவிதா கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தாள். லாரி வருகிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கெல்லாம் கிளம்பினார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். டிக்கியில் மூட்டைகளை அடுக்கிய கவிதா, மூடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"அத்த, ஃபர்ஸ்ட் சர்வீஸ் ஆயிரம் கிலோமீட்டர்லயாம். ஓசூர்ல வேணாம். நான் இங்கயே எடுத்துட்டு வர்றேன்."

"அங்கயே இருக்கும்போது எதுக்கும்மா உனக்கு அலைச்சல்?"

"வாங்கின இடத்துலதான் நல்லா பாப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என் பொய்யை அலுங்காமல் எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

முன்பு ஒரு காருக்கு டாட்டா காட்டுவேன். இப்போது இரண்டு. இரண்டாவது கார் திரும்பும்வரை கையை இறக்கவில்லை. உள்ளே வந்தால், ஃபேன் ஓடுகிற சத்தம் தெருவரை கேட்கும்போல் இருந்தது. வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. இரண்டு நாள் பெருக்கவில்லை.

காரணம் இருந்தால்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். காரணம் சொல்லாமல் கூப்பிட நமக்கு வாய் வருகிறதா? ஷோரூம், ஆதார், டிக்கி என்று ஊரைச் சுற்றினேனே... "ஒரு எட்டு வந்துட்டுப் போங்கடா, தனியா இருக்க முடியல" என்று ஏன் சொல்லவில்லை? இந்தப் பக்கத்தில் எதை எதையோ எழுதுகிறேன். அந்த ஒரு வரியைப் போனில் சொல்ல வரவில்லை.

புதன்கிழமை காலை கவிதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கூட ஒரு வார்த்தை இல்லை. வண்டி ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டர் மட்டும். 187.

நேற்று இன்னொன்று. 251.

மூன்று சர்வீஸ் முடிந்தால் நாலாவதிலிருந்து காசு கட்ட வேண்டுமாம். நான் கட்டிவிடுகிறேன்.