டேங்க் இன்னும் முடியல

என் கணவர் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் பிரிவில், தரம் பார்க்கும் வேலை. பளபளவென்று வந்து நிற்கும் காரைச் சுற்றி நடப்பார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சாய்ந்து பார்ப்பார். தூசியோ வழிசலோ தெரிந்தால் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. சரி செய்வது அடுத்த ஆளின் பாடு. இருபது வருடத்துக்கு மேல் வட்டம் போட்டுப் பழகியவர் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டார். சாம்பாரில் உப்பு, மூலையில் ஒட்டடை, என் புடவை மடிப்பு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எதையும் அவராகச் சரி செய்ததும் கிடையாது.

அந்தக் கம்பெனியை மூடினார்கள். வாசலில் உட்கார்ந்து போராடினார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு இவர் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் குஜராத்தில் வேறொரு கார் கம்பெனியில் சேர்ந்திருந்தார். வாரா வாரம் போன் செய்வார். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மச்சான், உனக்கு இங்க பேசி வெச்சிருக்கேன். வரேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"பார்க்கலாம்டா" என்பார் இவர்.

நான் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். வீடு என் அப்பா கட்டியது. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நானும் கூடப் போவது என்பது பேச்சிலேயே வரவில்லை. அவர் போனால் கிறிஸ்மஸுக்கு ஒரு முறை, மே மாத லீவில் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். அவர் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இருந்துவிடுவார். அப்புறம் அவர் சோபாவில் கழிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நான்தான் காரணம் என்று ஆகும். அந்தப் பழியைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்பாவின் பழைய கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அப்பா இறந்த பிறகு யாரும் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை காயலான் கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இதைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் இவர் எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். கோபமா ஆசையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். உள்ளே வந்து என் கைப்பையிலிருந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் போய்ப் பார்த்தால் வண்டி முழுக்க வட்டம். கதவு, மட்கார்டு, கூரை, டிக்கி, எங்கும் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள். நீல பெயின்டே அங்கங்கேதான் தெரிந்தது. பெட்டி காலியாகியிருந்தது. இவர் கையைத் தட்டிக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு நின்றார்.

"சரி, இதையெல்லாம் யார் ரிப்பேர் பண்றது?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். வண்டிக்கு அந்தப் பக்கம், அடுத்த ஆள் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே எங்கள் வீட்டுக் கொய்யா மரம்தான் இருந்தது.

வண்டியின் தரைத் தகட்டில் கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்ததால் அதற்கு மட்டும் முடிச்சூர் ரோட்டிலிருந்து ஒரு டிங்கரைக் கூட்டி வந்தார். அவர் வண்டியைப் பார்த்ததும், "இன்னா சார், வண்டிக்கு அம்மை போட்டுகீதா?" என்றார். தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டார். மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னபோது, அந்த 'நாமே'யில் நானும் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய பெயின்டைச் சுரண்டினோம். துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தேய்ப்பேன். தலையெல்லாம் செம்மண் நிறம். பள்ளங்களை நிரப்ப அவர் பட்டி பூசினார். முதல் கதவில் பூசியது காய்ந்ததும் பார்த்தால், கல்யாண வீட்டில் அவசரத்துக்கு மெழுகின தரை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. அவர் வெகு நேரம் சாய்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, தன் வேலைக்குத் தானே வட்டம் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார். கம்பெனி மூடிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்றைக்குச் சாம்பாரில் காரம் தூக்கலாக இருக்கிறது என்றும் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு அத்தனை அன்பு வந்தது.

குஜராத் போன் வருவதும் நிற்கவில்லை. "வண்டி வேலை ஓடுதுடா, முடியட்டும்" என்று இவர் சொல்வார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உடம்பு வேலை ஓரளவு முடிந்து பிரைமர் அடித்ததும் பெட்ரோல் டேங்க்குக்கு வந்தோம். டிக்கிக்கு அடியிலிருந்து கழற்றினால், பெட்ரோல் என்ற பெயரில் பாகு மாதிரி ஏதோ வழிந்தது. குலுக்கினால் உள்ளே துருச் செதில்கள் கலகலவென்றன. வடித்து, பல நாள் வாயைத் திறந்தபடியே மாடி வெயிலில் வைத்தோம். துருவை எடுக்க வினிகர் ஊற்ற வேண்டும் என்று அவர் போனில் பார்த்துச் சொன்னார். அத்தனை வினிகருக்கு எங்கே போவது? நான் புளி என்றேன். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கின அனுபவம். பழைய புளியாகப் பார்த்து வாங்கி, அண்டாவில் கரைத்து ஊற்றினோம். பொடி ஜல்லியும் போட்டு, மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆட்டினோம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட இவர் இப்படித் தொட்டில் ஆட்டியதில்லை. அதைச் சொல்லிக் காட்டினேன். "அப்ப ஷிப்ட்" என்றார்.

ஊற வைத்து, ஆட்டி, மறுபடி ஊற வைத்துக் கடைசியில் கவிழ்த்தபோது ரசம் மாதிரி கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. இவர் வட்டம் போட இடமில்லை. சந்தோஷத்தில் ஹோஸ் பைப்பைச் செருகி, மூன்று நான்கு முறை நிரப்பி அலசிவிட்டு, வெயிலில் வைத்துவிட்டுக் கீழே வந்தோம்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் உள்ளே முழுக்க ஆரஞ்சு நிறம்.

எங்கள் போர் தண்ணீர். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளை படியும், எந்தக் குழாயும் வருடக் கணக்கில் நிற்காது. குடிக்கக் கேன், குளிக்க போர் என்று ஊருக்கே தெரிந்த விஷயம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். துருவைப் புளி போட்டு விரட்டிவிட்டு, உப்புத் தண்ணீரால் வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்துக் குஜராத்திலிருந்து போன். "மச்சான், பொங்கல் வரைக்கும்தான் தாங்கும். அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"டேங்க் இன்னும் முடியலடா."

அன்றைக்கு நான் துருவின் கட்சி. உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். பொங்கல் வரை இதிலேயே ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

ஓட்ட முடியவில்லை. இவருக்கு வேகம் வந்துவிட்டது. மறுபடி புளி, மறுபடி ஜல்லி. இந்த முறை கேன் தண்ணீரில் அலசினார். தண்ணீர் போடுகிற பையன், வீட்டில் விசேஷமா என்று கேட்டான். மகளின் ஹேர் டிரையரால் ஈரம் போகக் காயவைத்து, அது ஆறினதும் உள்ளே பெட்ரோல் விட்டுப் புரட்டினார். துரு வரவில்லை. வாடகைக்குக் கம்ப்ரசர் எடுத்து வந்து, சந்தின் இரண்டு பக்கமும் துணி கட்டி மறைத்து, அப்பா வைத்திருந்த அதே நீலத்தை அடித்தார். என்னை எதற்கும் கூப்பிடவில்லை. விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். மெக்கானிக்கை வைத்து இன்ஜினையும் ஓட வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து, வண்டி ரோட்டில் ஓடலாம் என்று எப்.சி.யும் வாங்கிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனைக்கு அதே வண்டியில் போனோம். முடிந்ததும், பெருங்களத்தூர் வரை போய்ப் பார்க்கலாம் என்றார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாமல். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஊருக்குப் போகிற கூட்டம், பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்கள். இவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், இன்னிக்குத்தான் கடைசி."

"வரேன்டா" என்றார். "டிக்கெட் போடச் சொல்லு."

அவ்வளவு எளிதாகச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். "ம்" என்றேன். சோபாவிலிருந்து எழுந்திருக்கக்கூட மனமில்லாமல் கிடந்த மனிதரை நான்தான் ஜல்லி போட்டு ஆட்டி எழுப்பி விட்டிருக்கிறேன். எழுந்தவர் நடக்காமல் என்ன செய்வார்? நியாயம் புரிந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. போகிறாரே என்றுகூட இல்லை, இவ்வளவு சந்தோஷமாகப் போகிறாரே என்று. கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு?"

"பெட்ரோல் வாசனை. கண்ணு எரியுது."

உடனே ஓரங்கட்டினார். இறங்கி ஓடி, பின்பக்கம் போய், அந்த வெள்ளைச் சட்டையோடு ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். நானும் இறங்கிப் போனேன். அவருடைய கால் மட்டும் வெளியே தெரிந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"எங்கயும் கசியலியே" என்றார் உள்ளேயிருந்து. "ஜாயின்ட் எல்லாம் காய்ஞ்சிதான் இருக்கு."

"வாசனையெல்லாம் இல்ல" என்றேன். "நீங்க போறது எனக்குப் பிடிக்கல."

கால் அசையவில்லை. "டிக்கெட் போடச் சொல்லிட்டேனே" என்று குரல் வந்தது.

"தெரியும். எழுந்து வாங்க, சட்டை அழுக்காகுது."