கடைசியாகச் சேமித்தவர்

இரண்டு கணினிகளில் ஒரே நோயாளியின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள் யோலிமா அர்பெலாயஸ். இடப்பக்கக் கணினியில் முகவரியை மாற்றிச் சேமிக்கிறாள். வலப்பக்கத்தில் வயதை மாற்றிச் சேமிக்கப் பார்க்கிறாள். "நீங்கள் திறந்த பிறகு இதை இன்னொருவர் திருத்தியிருக்கிறார்" என்று திரை மறுக்கிறது. "அப்படிச் சொல்லு" என்று அதைப் பாராட்டிவிட்டுக் கருங்காப்பியைக் குடிக்கிறாள். அந்த நோயாளி உலகத்தில் இல்லாதவர். சோதனைக்காக அவளே உண்டாக்கியவர். நான்கு மாதத்தில் எண்பது முறை வீடு மாறியிருக்கிறார்.

மனிசாலெஸ் நகரில் எங்கள் மருத்துவமனைக்கு நிரல் எழுத அவள் ஒருத்திதான். நான் மருந்தறையில் இருக்கிறேன். "நல்லாருக்கியா?" என்று கேட்டால், "எத்தனை மணி நிலவரப்படி?" என்பாள். விளையாட்டாகக் கேட்பதில்லை.

அந்த எச்சரிக்கை டாக்டர்களுக்குப் பிடிக்காது.

"பேசாம பூட்டு போட்டுடேன்மா, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் திறக்கலாம்னு."

"போட்டுப் பாத்தேன் டாக்டர். நீங்க திறந்து வச்சிட்டு சாப்பிடப் போனீங்க. நீங்க சூப் குடிச்சு முடிக்கிற வரைக்கும் மொத்த வார்டும் காத்திருந்துச்சு."

யோலிமாவின் பணிக் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் இருக்கிறது. பிப்ரவரியில், வேலைநீக்கத்துக்குப் பதிலாக வந்தது. எவெலியோ என்ற பஸ் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணை மாற்றுவதற்காக, வரவேற்பிலிருந்த ஓமைரா அவருடைய பக்கத்தைத் திறந்தாள். அதற்குள் வரிசையில் யாரோ சண்டை போட, எழுந்து போனாள். அந்த நேரத்தில் மாடியில் நர்ஸ் துவான் அதே பக்கத்தில் 'பென்சிலின் ஒவ்வாது' என்று எழுதிச் சேமித்தான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்த ஓமைரா எண்ணை மாற்றிச் சேமித்தாள். அவள் திரையிலிருந்த பழைய பக்கம் முழுவதும் புதியதன்மேல் ஏறி உட்கார்ந்தது. தொலைபேசி எண் சரியாக இருந்தது. பென்சிலின் வரி இல்லை. மாலையில் ஊசி போட்டார்கள். எவெலியோ மூச்சுத் திணறி, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

கடைசியாகச் சேமித்தவர் ஓமைரா என்றது பதிவேடு. வேலைநீக்கப் படிவத்தோடு இயக்குநர் விசாரணைக்கு உட்கார்ந்தார்.

"நான் போன் நம்பரைத்தான் சார் தொட்டேன்" என்று அழுதாள் ஓமைரா.

"அவங்க சொல்றது நெசம்தான்" என்றாள் யோலிமா. "முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதினது என் புரோகிராம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல."

"பதிவேட்டுல இவங்க பேர்தானே இருக்கு?"

"அந்தப் பதிவேடும் நான் எழுதினதுதான் சார்."

யோலிமா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். 'பொறுப்பானவர்' என்ற இடத்தில் தட்டச்சாகியிருந்த ஓமைராவின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை இயக்குநரிடம் நீட்டினாள்.