எட்டுப் பேர் பிரேக் போட்ட பந்தயம்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு நல்லவரைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். பல் செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, பல் அடுக்கி, ஈறு வார்த்துக் கொடுப்பார். ஒரு பல்லின் நிறம் இம்மி பிசகினாலும் மொத்தத்தையும் உடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். போட்டுக்கொள்கிறவருக்கே தெரியாதே என்று நான் சொன்னால், "எனக்குத் தெரியுமே" என்பார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று.

இந்த மனுஷருக்கு ஒரே ஒரு கிறுக்கு, கார் பந்தயம். டிவியில் காட்டுகிற பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். மூடிப்போன சிமெண்டு ஆலைக்குப் பின்னால், ஒரு காலத்தில் லாரிகள் நின்ற மைதானம் இருக்கிறது. அங்கே பழைய டயர்களை வளைவு வளைவாக அடுக்கி, காயலான் கடைக்குப் போகவேண்டிய கார்களில் ஒன்பது பேர் வருஷத்துக்கு ஒரு தடவை இருபது சுற்று ஓட்டுவார்கள். எங்கள் காரின் கதவும் முன் பம்பரும் துருப்பிடித்து உதிர்ந்தபோது, இவர் ஈறு செய்கிற ரோஸ் நிறக் கலவையைக் குழைத்தே ஒட்டுப் போட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வாயைத் திறந்துகொண்டு வருகிற மாதிரி இருக்கும். பதினோரு வருஷத்தில் இரண்டே தடவை மூன்றாவதாக வந்தார். இரண்டு தடவையும் கொடி காட்டுகிறவரிடம் தானே போய், "வளைவுல ஒரு டயரை இடிச்சிட்டேன், நீங்க கவனிக்கல" என்று சொல்லி, தண்டனை வாங்கிக்கொண்டு கடைசிக்குப் போனார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக் கை போதவில்லை.

அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. காசு உள்ளவன் மட்டும் ஜெயிக்கக் கூடாது என்று, காருக்கு இவ்வளவுதான் விலை என ஒரு தொகையைக் கட்டி வைத்திருந்தார்கள். பந்தயம் முடிந்ததும், ஓட்டியவர்களில் யார் வேண்டுமானாலும் மனு எழுதிக் கொடுத்து, ஜெயித்த காரை அந்த விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்தவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ரகசியமாகப் பெரிய எஞ்சினைப் போட்டு ஜெயித்தால் எஞ்சினும் சேர்ந்து போய்விடும். நல்ல விதிதான். ஆனால் இதுவரை ஒருத்தரும் மனு கொடுத்ததில்லை. அடுத்தவன் காரைப் பிடுங்கிக்கொண்டான் என்று பேர் வாங்க யாருக்கும் மனசில்லை. அதனால் பயம் விட்டுப்போய், எல்லாரும் கமுக்கமாகக் காருக்குள் எதையாவது செருக ஆரம்பித்தார்கள்.

அதில் முதல் ஆள் என் அக்கா வீட்டுக்காரர். பழைய கார் வாங்கி விற்கிறவர். எங்கே எதைத் தள்ளிவிடலாம், எதைச் சுருட்டலாம் என்று பார்ப்பதுதான் அவருக்கு மூச்சே. மூன்று வருஷமாக அவர்தான் ஜெயித்தார். இந்த வருஷம் பந்தயக் காரின் விலையைப் போல நாலு மடங்கு கொடுத்து ஒரு எஞ்சின் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று அக்காவே என்னிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

நான் ஓடிவந்து இவரிடம், ஜெயிக்க வேண்டாம், சும்மா ஒரு மனுவைக் கொடுத்து அந்தக் காரை வாங்குங்கள் என்றேன். மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் எனக்கு உபதேசம் பண்ணினார். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுவது எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று கதை கதையாகச் சொன்னார். "உனக்கு ஏன் இப்படி புத்தி போகுது?" என்று கடைசியில் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் கெட்ட புத்தி எனக்கு ஒருத்திக்குத்தான் என்பது ஊர்ஜிதமாயிற்று.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் வாய் நிறையச் சோற்றோடு, உலகத்தில் நல்லவன் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை, நல்லவனுக்குக் கிடைப்பது ரோஸ் கதவுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் பிள்ளைகளும் சிரித்தன. இவர் முகம் சுண்டிப்போயிற்று. கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார்:

"சகலை, இந்தத் தடவை நீங்க ஜெயிச்சா நான் காரை எடைக்குப் போட்டுடறேன். இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன். நான் ஜெயிச்சா, நல்லதுதான் ஜெயிக்கும்னு இதே இடத்துல நின்னு நீங்க சொல்லணும்."

அந்தக் கார் ஒழிந்தால் எனக்கு நிம்மதிதான், வாசலாவது காலியாகும். ஆனால் அதற்கடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இல்லை. அதை எடைக்குப் போடவைக்க அத்தானை விடுவேனா நான்?

மறுநாள் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "யார்கிட்டயும் சொல்லிடாதேக்கா. இவரு மனு எழுதி, கையெழுத்தே போட்டு வெச்சிட்டாரு. எந்தக் கார் ஜெயிச்சாலும் வாங்கிடுவாராம்" என்றேன். பச்சைப் பொய். இவரைப் போய் யாராவது அப்படி நம்புவார்களா என்று எனக்கே சந்தேகம். ஆனால் என் அக்காவிடம் யார்கிட்டயும் சொல்லாதே என்றால் ஊர் முழுக்கச் சொல்லு என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டுக்கும் சேதி போய்விட்டது.

பந்தயத்தன்று வழக்கம்போல எட்டுக் கார்கள் பறந்தன. எங்கள் கார் இருமிக்கொண்டே பின்னால் போனது. எட்டுப் பேரும் இருபதாவது சுற்றுக்கு வந்தபோது இவர் இரண்டு சுற்றுப் பின்தங்கியிருந்தார். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், எல்லைக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் அத்தான் பிரேக் போட்டு நிற்கிறார். பின்னால் வந்தவரும் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் நின்றார். எட்டுக் கார்களும் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. ஒருத்தர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒருத்தர் இறங்கி ஷூ கயிற்றைக் கட்டினார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். "நீங்க போங்க", "அட, நீங்க முன்னாடி வந்தீங்க, நீங்க போங்க" என்று ஒரே உபசாரம். கொடி காட்டுகிறவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிற்கக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் கார் வந்தது. வந்ததா, போகவேண்டியதுதானே? இவர் ஓரங்கட்டி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எல்லாருக்கும் என்னாச்சு? கயிறு இருக்கு, கட்டி இழுக்கவா?" என்று விசாரிக்கிறார்! நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற டீக்காரர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். அதன் பிறகுதான் நகர்ந்தார். ஒரு சுற்று வந்தார். அடுத்த சுற்றும் வந்தார். எட்டுப் பேரும் ஒதுங்கி வழி விட, ரோஸ் பம்பர் கோட்டைத் தாண்டியது. அடுத்த நொடி எட்டுக் கார்களும் முட்டி மோதிக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் பாய்ந்தன.

அத்தான் பேச்சைக் காப்பாற்றினார். அதே கூடத்தில் நின்று, வேப்பெண்ணெய் குடித்த மூஞ்சியோடு, நல்லதுதான் ஜெயிக்கும் என்றார். எஞ்சினோடு ஒப்பிட்டால் வார்த்தை மலிவுதானே. என் பிள்ளைகள் கை தட்டின. இவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் தர்மப் பிரசங்கம்தான். பால்காரருக்கு, பல் டாக்டருக்கு, பல் இல்லாதவருக்கு, யார் வந்தாலும் விடுவதில்லை. "பாத்தியா, பொறுமையா இருந்தேன், ஜெயிச்சேன்" என்று என்னிடமும் சொல்வார். ஜெயிக்க வைத்தது என் பொய் என்று சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

நாலாம் நாள் துணி துவைக்க உட்கார்ந்தேன். பந்தயத்தன்று அவர் போட்டிருந்த சட்டையின் உள் பாக்கெட்டில் ஒரு தாள், நாலாக மடித்து. பிரித்தேன். வாங்கும் மனு. பல்லுக்குக் கோடு போடுகிற அதே முத்து முத்தான கையெழுத்தில், அத்தானின் கார் நம்பர். கீழே இவர் கையெழுத்து. தேதி, எனக்கு உபதேசம் பண்ணிய அதே நாள்.

முதலில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு. சோப்பு நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்பாடா! பன்னிரண்டு வருஷமாக ஒரு மகானோடு தனியாகக் குடித்தனம் பண்ணுகிறோமே என்று மிரண்டு கிடந்தேன். துணைக்கு ஆள் இருந்திருக்கிறது.

மத்தியானம் துணிக்கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதைத் துவைச்சிட்டியா?"

"துவைச்சாச்சு."

"பாக்கெட்ல ஏதாவது இருந்துச்சா?"

"என்ன இருந்துச்சு?"

உள் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.